கடுகண்ணாவை இறக்கத்தில் நியூட்ரல்

இன்று செவ்வாய்க்கிழமை காலை, மருமகள் ஓட்ட, அவளது புதிய காரில் கண்டியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டோம். கடுகண்ணாவையை அடைந்தபோது பெற்றோல் முடியப்போவதாக விளக்கு எரியத் தொடங்கியது.

"இறக்கந்தானேம்மா, நியூட்ரல்ல போடு. மாவனெல்லை வரைக்கும் சும்மா உருண்டு போயிரலாம்" என்றேன். 1979 மார்ச்சில் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்ற நாள்முதல் நான் அவ்வாறே இறங்கி வருகிறேன்.

"ஐயோ மாமா, நியூட்ரல்ல போட்டாதான் இந்த என்ஜின் பெற்றோல் குடிக்கும். கியர்ல இறங்கினா பெற்றோல அதுவா நிப்பாட்டிரும். அந்தத் திரையப் பாருங்க."

பார்த்தேன். கியரிலேயே இறங்க, வளைவுக்கு வளைவு பெற்றோல் செலவு பூச்சியமென்றே காட்டியது. நடுவழியில் நிற்காமல் மாவனெல்லைப் பெற்றோல் நிலையத்தை அடைந்தோம்.

"இப்ப என்ன சொல்றீங்க மாமா?"

"பிரேக்கக் கொஞ்சம் மெதுவா மிதிச்சிருக்கலாம்."

இன்னமும் நியூட்ரலில் இறங்குபவர்கள் தயவுசெய்து கீழே உங்கள் பெயரைப் பதிவிடுங்கள். தனியாகத் தோற்பது சிரமமாக இருக்கிறது.