குவளை மேல் வைத்த அட்டை

பவேரியாவின் அந்தச் சிற்றூர் பியர் திருவிழாக் கூடாரத்தில் வால்புர்கா பரிமாறாத வருஷமே கிடையாது. கைக்கு ஐந்து குவளை, வாய்க்கு ஐந்து வசவு. அவள் பொறுப்பில் இருந்த மூலை மேசைதான் அவள் கணவன் கோர்பினியனுக்கு எப்போதும். "வீட்டுல கேட்டா தண்ணி கூடத் தரமாட்டா, இங்க பியரே தூக்கிட்டு வரா" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிவான்.

அன்று பாதியில் எழுந்தவன், குவளைக்கு அடியில் இருந்த வட்ட அட்டையை எடுத்து அதன் மேல் வைத்து மூடினான். "புழுக்கமா இருக்குடி. கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்."

ஹாம்பர்க்கிலிருந்து வந்திருந்த பயணி ஒருவன் அந்த இடத்தில் உட்காரப் போனான்.

"குவளை மூடியிருக்கு பாருங்க தம்பி. ஆளு திரும்பி வருவான்னு அர்த்தம்" என்றார் எதிரே இருந்த தச்சர் க்ஸாவர்.

"என் புருஷன் இடம் அது. உக்காந்தீங்க, அடுத்த குவளை உங்க தலையிலதான்" என்றாள் வால்புர்கா. மேசையே சிரித்தது. பயணி ஓரமாக நின்றே குடித்தான்.

சற்று நேரத்தில் காவலாள் வந்து அவளைக் கூடாரத்துக்கு வெளியே கூட்டிப்போனான். கோர்பினியன் புல்லில் கிடந்தான். பக்கத்தில் மண்டியிட்டிருந்த மருத்துவரிடம் எந்த அவசரமும் இல்லை.

அவள் உள்ளே திரும்பியபோது வாத்தியக் குழு வாசித்துக்கொண்டுதான் இருந்தது.

"எங்கம்மா உன் வீட்டுக்காரன்? நுரையெல்லாம் அடங்கிப்போச்சு" என்றார் க்ஸாவர்.

வால்புர்கா குவளை மேலிருந்த அட்டையை எடுத்தாள்.

க்ஸாவர் தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

"உக்காருங்க தம்பி" என்றாள் அவள், பயணியிடம். "இடம் காலிதான்."