பருப்பு வேகாத கிணறும் ரோஸியும்

ரோஸி போய்விட்டாள். காலையில் அவள் மகள் போன் செய்து சொன்னாள்... தூக்கத்திலேயே போயிருக்கிறாள்.

இங்கே பலருக்கு அவளைத் தெரியாது. அறுபதுகளில் திண்டுக்கல் பக்கம் நானும் அவளும் ஒன்றாக ரிசர்ச் செய்தோம். ஒரே ஹாஸ்டல், ஒரே அறை.

இருவருக்கும் கிணற்றுத் தண்ணீர்தான் வேலை. அதில் என்ன கரைந்திருக்கிறது என்று நான் பார்ப்பேன், கெமிஸ்ட்ரி. என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று அவள் பார்ப்பாள், விலங்கியல்.

அவளுக்கு அது போதவில்லை. புரொபசரிடம் கெஞ்சிக் கூத்தாடி சமூகவியல் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அப்புறம் மனையியல்... எங்களைவிடச் சின்னப் பிள்ளைகளோடு, கடைசி பெஞ்சில்.

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்டி" என்று மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தேன்.

"வெட்டாட்டிப் போகுது. மரத்தையாவது பாத்துட்டு வாரேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பே எனக்கு ஆகாது.

ஒட்டன்சத்திரம் போகும் வழியில் ஓர் ஊர். பிள்ளைகளுக்கெல்லாம் பல்லில் பழுப்புக் கறை. மேற்குக் கிணற்றில் ஃப்ளோரைடு அதிகம், கிழக்குக் கிணற்றுத் தண்ணீரைக் குடியுங்கள் என்று ஊரைக் கூட்டிச் சொன்னேன். என் ஆய்வே அதுதான்.

ஒருவரும் கேட்கவில்லை. படிக்காத ஜனம், சொன்னால் புரியாது என்று எழுதிக்கூட வைத்துவிட்டேன்.

ரோஸி நேரே ஒரு வீட்டு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, "ஏன்க்கா, கிழக்கால தண்ணி எடுக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள்.

"குடிக்க நல்லாத்தான் இருக்குத்தா. பருப்பு வேகமாட்டேங்குதே! அம்புட்டு விறகுக்கு எங்க போறது?"

கடின நீரில் பருப்பு வேகாது. அது கெமிஸ்ட்ரி... என் பாடம்! அதை விலங்கியல்காரி கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொன்னாள்.

"குடிக்கக் கிழக்கு, பருப்புக்கு மேற்கு" என்று அவள் சொன்னதும் ஊரே கேட்டது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

கட்டுரை எழுதும்போது யார் பெயர் முதலில் என்று பேச்சு வந்தது. புரொபசர் அவள் பெயரைச் சொன்னார். அவளோ, "தண்ணி டெஸ்ட் பண்ணுனது சரசுதான் சார், அவ பேரு முன்னாடி இருக்கட்டும்" என்றாள்.

பெருந்தன்மை வேறு! அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

போன மாதம் பேசினாள். பேத்தியோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் படிக்கிறாளாம்.

"இந்த வயசுல எதுக்குடி?"

"தெரியலையே, அதான்."

போனை வைத்த பிறகு அன்று முழுக்க யாரிடமும் எனக்குப் பேசப் பிடிக்கவில்லை.

நாளை திண்டுக்கல்லில் அடக்கம். முதல் பஸ்ஸில் போகிறேன்.

போய் வாடி ரோஸி... இனி நான் யாரைப் பார்த்து வயிறெரிவது?