வால் பக்கமிருந்து அடுக்கியவர்

என் அக்காவின் கணவருக்கு அலுவலகத்தில் 'வால்' என்று பெயர். மரியாதை தெரிந்தவர்கள் 'வால் சார்' என்பார்கள். குறும்புக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் சிரித்து நான் பார்த்ததே அபூர்வம். ஐரோப்பிய மொழிகளுக்கு அகராதி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் அவருக்கு விகுதிப் பிரிவு. சொல்லின் தலையும் உடம்பும் மற்றவர்களுக்கு, வால் மட்டும் இவருக்கு. இந்த விகுதி எங்கே பிறந்தது, எந்த மொழி வழியாக எங்கே போனது, போன இடத்தில் என்ன வேலை பார்த்தது என்று ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். மனுஷன் பிழைக்க வேறு வழியே இல்லையா என்று எனக்குத் தோன்றும்.

சொல்லுக்கு ஒரு கார்டு. ஊரில் எல்லோரும் முதல் எழுத்தைப் பார்த்து அடுக்குவார்கள், அத்தான் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்குவார். அப்போதுதான் ஒரே வால் உள்ள சொற்கள் ஒன்றாகச் சேருமாம். சேர்ந்த பிறகு அதற்குள்ளேயே ஒரு பிரிவினை. கிரேக்கத்திலிருந்து நேராக வந்தவை முன்னால், லத்தீன் வழியாகச் சுற்றி வந்தவை அடுத்து, பிரெஞ்சுக்காரனிடம் கடன் வாங்கியவை அதற்கும் பின்னால். இதில் எதையும் அவர் கார்டில் எழுதுவதில்லை. கார்டு நிற்கிற இடம்தான் அதன் பூர்வீகம்.

"எழுதி வெச்சா என்ன அத்தான், கை வலிக்குமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எழுதினா நாளைக்கு அடிச்சுத் திருத்தணும் மாப்ளே. கார்டுன்னா நகர்த்தி வெச்சா போதும்."

நிறுவனம் அந்தப் பிரிவையே மூடியபோது கார்டுப் பெட்டிகளைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். அத்தான் அவ்வளவையும் வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லாத வீடு, இரண்டே அறை. படுக்கையறைச் சுவர் முழுக்கப் பெட்டி. அக்காவின் தையல் மெஷின் பால்கனிக்குப் போனது, முதல் மழையிலேயே துருப்பிடித்தது. கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தவள் அவள். அவருக்காக வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்து, கடைசியில் பெட்டிகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரியும்.

நான் போகும்போதெல்லாம் அத்தான் என்னை உட்கார வைத்துப் பிடித்துக்கொள்வார்.

"லத்தீன்ல 'மென்தே'ன்னா மனசோடன்னு அர்த்தம். மெதுவான மனசோட நடந்தான், மெதுவான மனசோட பேசினான்னு சொல்லிச் சொல்லி, கடைசியில அது வெறும் வாலா ஆயிடுச்சு. இன்னைக்கு பிரெஞ்சுல அதை 'மான்'னு மூக்கால சொல்றான். அதுக்குள்ள ஒரு மனசு இருந்துச்சுன்னு எவனுக்கும் நினைப்பு இல்லை. ஜெர்மன்காரனோட 'ஹைட்' இருக்கே, அதுவும் ஒரு காலத்துல தனியா நின்ன சொல்லுதான். தன்மை, நிலைமைன்னு அர்த்தம். இன்னொண்ணோட ஒட்டிக்கிச்சு, அதோட சரி."

"ஒட்டினதும் தனியா இருந்தது மறந்துபோச்சாக்கும்? நல்ல கதை" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "உங்க அக்காவுக்கு இதெல்லாம் போர்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த விகுதிக்குப் போனார். நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்று முழுக்கக் கேட்டாள்.

ஒருவழியாக ஒரு பதிப்பகம் விகுதிகளைத் தனிப் புத்தகமாகப் போட ஒத்துக்கொண்டது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிகளை ஒப்படைக்க வேண்டிய நேரத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்து ஆபரேஷன் ஆனது. கண் விழித்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "பெட்டி". ஐ.சி.யூ. வாசலில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னார்: "யாரும் தொடாம பாத்துக்கோ மாப்ளே. உங்க அக்கா சுத்தம் பண்றேன்னு எதையாவது பண்ணித் தொலைக்கப்போறா."

அவரை வீட்டுக்கு அழைத்துவந்த அன்று பெட்டிகள் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. "பதிப்பகத்துக்குக் கொடுக்கணும்ல? எல்லாத்தையும் ஏ-யிலேருந்து ஒழுங்கா அடுக்கி வெச்சிருக்கேன்" என்றாள் அக்கா.

அத்தான் ஒரு பெட்டியை இழுத்துப் பார்த்தார். இன்னொன்றை இழுத்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இந்த இடத்திலேயே ஆள் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"நல்லா அடுக்கியிருக்கே" என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் காபி போடப் போனாள்.

அவள் போனதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "முடிஞ்சுது மாப்ளே. எது எந்த வழியா வந்துச்சுன்னு இனிமே தனியா உக்காந்து தேட எனக்கு இன்னொரு ஆயுசு வேணும். அவகிட்ட மூச்சு விடாதே. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? நல்லது செய்றதா நினைச்சுச் செஞ்சிருக்கா." இத்தனை வருஷமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த ஆள்மேல் அன்றைக்குத்தான் எனக்கு மரியாதை வந்தது.

பதிப்பகத்து ஆள் வந்து புரட்டிப் பார்த்தான். இது வெறும் சொற்பட்டியல், கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அத்தான் விகுதியைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியுமே அதிகம் பேசவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவர் காலம் முடிந்தது.

காரியமெல்லாம் ஆன பிறகு பெட்டிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட அக்காவும் நானும் இறக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை. "அத்தான் தங்கமான மனுஷன்க்கா. அன்னைக்கு நீ தெரியாம கலைச்சுட்டேன்னு அவருக்குப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. உன் மனசு நோகக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை" என்றேன்.

அக்கா கையிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"தெரியாமலா? தினமும் அதைத் தொடச்சவ நான். அவரு உன்கிட்ட சொன்னதையெல்லாம் நின்னு கேட்டவ நான். தெரிஞ்சுதான்டா கலைச்சேன்."

"ஏன்க்கா?"

"ஒரு தடவையாவது என் மூஞ்சியைப் பாத்து 'ஏன்டி இப்படிச் செஞ்சே'ன்னு கத்துவாருன்னுதான். கத்தியிருந்தா ரெண்டு பேருமா உக்காந்து திரும்ப அடுக்கியிருப்போம். அவருக்கு மறந்தது எனக்கு ஞாபகம் இருந்திருக்கும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "'நல்லா அடுக்கியிருக்கே'ன்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவருக்கு அவ்வளவு நிச்சயம்."