பூங்கொடி கையெழுத்துப் போட்ட ட்ரே

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். சங்கரன்கோவில் பக்கத்து மாடசாமி நான். ஓசூருக்கு வந்து பதினோரு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். கிருஷ்ணகிரியில் ஐந்து பெண்களை ஏற்றி, காலை ஷிப்டுக்கு சிப்காட்டில் இறக்கிவிடுவது என் பிழைப்பு. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், என் வண்டியைச் சொன்னால் பொறுக்காது. சொன்னது முன்சீட்டில் உட்காரும் பூங்கொடி.

"அண்ணா, பிரேக் புடிக்கறப்ப பெடல் உங்க காலை எத்துதா?"

எத்தத்தான் செய்தது. ஒரு மாதமாகவே, சூளகிரி இறக்கத்தில் வேகத்தோடு மிதித்தால் பெடல் பாதத்துக்கடியில் விட்டுவிட்டுத் துடிக்கும். அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

"ஒனக்கு எதுக்குத் தாயி அந்தச் சோலி? பேசாம வா."

அவள் விடவில்லை. "ஸ்டியரிங்கும் கூடவே ஆடுதுங்கண்ணா. அப்ப முன் சக்கரந்தான். டிஸ்க்கைப் பாக்கணும்."

பூங்கொடி அப்படித்தான். சொந்த ஊர் பர்கூர். அப்பா அம்மா இருவரும் கல்குவாரியில் உழைத்தவர்கள். இவள் பன்னிரண்டு வருஷமாக, சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான பிரேக் டிஸ்க்கைச் செய்யும் ஒரு கம்பெனியில், கடைசி மேஜையில் நிற்கிறாள். ஒவ்வொரு டிஸ்க்கையும் அளந்து, சரியென்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் அந்த ட்ரே வெளியே போகும். டீக்கடையில் பெஞ்சு ஆடினால்கூட, காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் செருகிவிட்டுத்தான் உட்காருவாள். மற்ற நாலு பேரும் கேலி செய்வார்கள். நானும்தான் செய்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தளி ரோட்டில் இருக்கும் திம்மப்பன் ஷெட்டில் வண்டியை விட்டேன். நாலு மாதம் முன்பு முன்பக்க டிஸ்க் இரண்டையும் புதிதாக மாட்டியவர் அவர்தான். பூங்கொடியும் பஸ் பிடித்து வந்துவிட்டாள். லீவு நாளில் இவளுக்கு வேறு வேலையில்லையா என்று எரிச்சலாக வந்தது.

இடது சக்கரத்தைக் கழற்றியதும் அவள் குனிந்து, டிஸ்க் விளிம்பில் குத்தியிருந்த எண்களைத் துணியால் துடைத்துப் படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, மயக்கமா?" என்றார் திம்மப்பன்.

"எங்க லைன் டிஸ்க்குங்க. போன ஆடி மாசம், பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கி ஷிப்ட்டு. அன்னிக்கி என் கடைசி ட்ரே."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்கு அவள் மகள் பிரியதர்ஷினி பள்ளிக்கூடப் படியில் விழுந்து மண்டை உடைந்ததாகச் செய்தி வந்திருக்கிறது. மேஜையில் பன்னிரண்டு டிஸ்க் இருந்தது. ஒன்றைக்கூட அளக்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டாள். மறுநாள் வந்து பார்த்தால் ட்ரே போய்விட்டது.

"பன்னெண்டு வருசத்துல அந்த ஒரு ட்ரேதாண்ணா. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வேலை போயிரும். இப்ப பாருங்க, நான் உக்காந்து வர்ற வண்டியிலயே வந்து நிக்குது."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஐந்து உயிரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேனே! கத்த வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் எழுந்து, பக்கத்து லேத் பட்டறையில் டயல் கேஜ் இரவல் வாங்கப் போய்விட்டாள்.

முள் உள்ள கடிகாரம் மாதிரி இருந்தது அது. அதன் நுனியை டிஸ்க்கின் மேல் படிய வைத்து, டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றினாள். முள் அலைந்தது.

"நூத்திருவது மைக்ரான் கோணிச் சுத்துது. அம்பதுக்கு மேல போகவே கூடாது." கேஜை எடுத்துக் கீழே வைத்தாள். "கழட்டுங்கண்ணா, பின்பக்கம் பாத்துரலாம்."

திம்மப்பன் டிஸ்க்கை உருவினார். அது போய் உட்காரும் இரும்பு முகத்தில், ஒரு ஓரமாக மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. பூங்கொடி நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள்.

"சந்தனமா இது?"

"ஆமாம்மா," என்றார் திம்மப்பன் ஒன்றும் விளங்காமல். "எந்த வண்டியானாலும் மொதல்ல மாட்டற பார்ட்டுக்குப் பொட்டு வெப்பேன். வெளிய வெச்சா மழையில அழிஞ்சுபோகும்னு உள்ள வெச்சேன். நல்லதுக்குத்தானே!"

அந்தப் பொட்டுத்தான் டிஸ்க்கைச் சரியாக உட்காரவிடாமல் சாய்த்திருக்கிறது. சாய்ந்து சுற்றியதில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் உரசி, ஓரிடம் தேய்ந்து ஓரிடம் மேடாகியிருக்கிறது. காலை எத்தியது அந்த மேடுதான். பூங்கொடி உப்புத்தாளால் அந்த முகத்தைத் தேய்த்துத் துடைத்து, டிஸ்க்கை மறுபடி மாட்டச் சொல்லி முள்ளை வைத்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"இருவது," என்றாள். "இருவதுதாண்ணா! டிஸ்க் நல்ல டிஸ்க்கு!"

அழுகையும் சிரிப்புமாக முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ தேவரே, தப்பு என்னுது," என்று கன்னடமும் தமிழுமாகச் சாமியைக் கூப்பிட்டு, திம்மப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மேட்டை லேத்தில் லேசாகச் சீவி மாட்டினார்கள். வலது டிஸ்க்கையும் பார்த்தோம்; அது வேறு நாள் ஷிப்ட், சரியாகவே இருந்தது. சூளகிரிவரை போய் வந்தோம். எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் பெடல் அசையவில்லை.

திரும்பும்போது சந்தோஷத்தில் சொன்னேன்: "தாயி, இனி நிம்மதியா தூங்கு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இது ஒண்ணு சரிங்கண்ணா. மீதி பதினொண்ணு?" என்றாள்.

"அட, அதுவும் நல்லாத்தான் இருக்கும். யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் பையைத் திறந்து பேனாவைத் தேடினாள்.

திங்கட்கிழமை காலை மற்றவர்களை அவரவர் கம்பெனியில் இறக்கிவிட்டு, எப்போதும்போல அவளுடைய லைன் கேட்டுக்கு வண்டியைத் திருப்பினேன்.

"அங்க வேணாங்கண்ணா. ஆபீஸ் கேட்டுல நிறுத்துங்க. குவாலிட்டி மேனேஜர் எட்டு மணிக்கு வந்துருவாரு." மடியில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாள். தேதியும் ஷிப்ட்டும் ட்ரே எண்ணும் அதில் எழுதியிருந்தது.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றேன். எனக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

"போன் பண்றண்ணா. சீக்கிரமே பண்ணிருவேன்னு நெனைக்கிறேன்."

ஆபீஸ் கேட் வந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் துடிக்கவில்லை, காலை எடுக்கத்தான் எனக்கு மனசு வரவில்லை.