மூக்கரின் வெள்ளைத் துணி

வண்டி உறுமிக்கொண்டிருக்கும்போதே மூக்கர் அதன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். சுட்டுவிரலில் சுற்றிய வெள்ளைத் துணியால் புகைக்குழாயின் உள்வாயை ஒரு தடவை துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு முகர்வார். கறுத்து உலர்ந்த கரி வந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. துணி வெளுத்துக் கிடந்து, நெடி மட்டும் சுருக்கென்று ஏறினால் காற்று ஜாஸ்தி. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், "இது என் கேஸ் இல்ல, இஞ்சினப் பிரிக்கறவரப் பாருங்க" என்று முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். வண்டியில் வந்த ஆள் யார், எவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் அவர் கண்ணில் படும்.

துணி வீட்டிலிருந்து வருகிறது. தலையணை உறைகள்தான், வேறென்ன. "இருபத்தெட்டு வருசமா இந்த வீட்ல ஒரு உறை முழுசாக் கிழிஞ்சு நான் பாத்ததில்ல. அதுக்குள்ள அது ஷெட்டுக்குப் போயிடும்" என்பார் அவர் மனைவி. அவ்வளவு வாரி இறைக்கிற மனிதர், துடைத்த துணியை மட்டும் யார் கையிலும் கொடுக்கமாட்டார். பக்கத்து டயர் கடைக்காரர் ஒரு நாள் ஆசையாக மூக்கை நீட்டியபோது துணியை வெடுக்கென்று பின்னால் மறைத்துக்கொண்டார். "ஒரு துணிக்கு ஒரு மூக்கு போதும்ப்பா."

ஷெட்டில் மெஷினும் உண்டு. குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டால் புகையில் எது எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். அதைப் பார்த்துப் புகைச் சான்று அச்சடிப்பதும் இவர்தான். மெஷினுக்கு இவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. காலையில் சூடேறப் பத்து நிமிடம் வேண்டும், ஈரம் ஆகாது, வாரத்துக்கொரு தரம் வடிகட்டி மாற்றாவிட்டால் கோபித்துக்கொள்ளும். "மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்று கேட்டுக்கொண்டே இவர் துணியை முகர்வார். இரண்டும் ஒத்துப்போகும்வரை வண்டியை விடமாட்டார்.

இந்த மூக்குக்கு வீட்டிலும் ஓய்வில்லை. அடுப்புச் சுவாலை கொஞ்சம் மஞ்சளாக எரிந்தால் போதும், ஹாலில் உட்கார்ந்தபடியே, "காத்து பத்தல, துவாரத்தக் குத்தி விடு" என்று குரல் வரும். அதனால்தான், போன வாரம் ஒரு காலையில் பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, வீடெல்லாம் தீய்ந்த வாடை பரவியும் அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த மனைவி, அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றார். "சளி புடிச்சு மூக்கு அடச்சிருக்கா உங்களுக்கு? வாசனை தெரியுதா?" தெரிகிறது என்றார் மூக்கர். இன்றைக்கு ஷெட்டுக்குப் போக வேண்டாம் என்று மனைவி சொன்னதும் காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டினார்.

அன்றுதான் வேன்காரம்மா வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற பழைய வேன். அடுத்த வாரம் சான்று முடிகிறது, இப்போதே ஒரு தடவை பார்த்துவிட்டால் சான்றை அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மூக்கர் வழக்கம்போல் துடைத்தார், முகர்ந்தார், தலையாட்டினார். மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. துணி வெளிர் பழுப்பாக, குற்றம் சொல்ல முடியாமல்தான் இருந்தது. மாப்பிள்ளையோ ஆக்சிஜன் மிச்சம், அதாவது காற்று ஜாஸ்தி என்றது. கேட்க வேறு ஆளில்லாததால் மாப்பிள்ளை பேச்சைக் கேட்டு, கார்புரேட்டர் திருகாணியை ஒரு சுற்றுத் தளர்த்திப் பெட்ரோலைக் கூட்டிவிட்டார்.

நேற்று அந்த வேன் திரும்பி வந்தது. ஷெட்டில் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். வேன்காரம்மா கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினார்.

"அண்ணே, நல்லா இருந்த வண்டியக் குடுத்தேன். இப்ப பின் சீட்டுப் புள்ளைங்க கண்ணு எரியுதுங்குது, தல வலிக்குதுங்குது. நாளைக்குக் காலைல சான்று இல்லாம ஸ்கூல் கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. ஒம்பது புள்ளைங்க ரோட்டுல நிக்கும். அடுத்த மாசமே வேற வேன் வெச்சுப்பாங்க, எனக்கு என்ன இருக்கு?"

மூக்கர் குத்துக்காலிட்டார். துணி கரிக்கட்டையாக வந்தது. மெஷினில் பாதி எரிந்த புகையின் எண் எல்லையைத் தாண்டியிருந்தது. ஆனால் ஆக்சிஜனும் மிச்சம் என்றது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பெட்ரோல் இத்தனை மிஞ்சும்போது காற்று எப்படி மிஞ்சும்? உள்ளே இருந்திருந்தால் எரிந்திருக்குமே. அப்படியென்றால் அது இஞ்சினுக்குள் போகாத காற்று.

"எல்லா வேலையும் முடிஞ்சப்புறம் வந்து நிக்கிற என் மச்சான் மாதிரி" என்று முணுமுணுத்துவிட்டு, துணியைச் சுருட்டிக் குழாயின் வாயை அழுத்தி அடைத்தார். வண்டிக்கடியில் எங்கேயோ 'உஸ்' என்றது. படுத்து, ஊர்ந்து, கையை நீட்டிக் காற்று எங்கே படுகிறது என்று பார்த்தார். சைலன்சர் இணைப்பில் ஒரு துருப்பிடித்த ஓட்டை. வெளிக்காற்று அதன் வழியாக உள்ளே புகுந்து மாப்பிள்ளையை ஏமாற்றியிருந்தது.

ஊர்ந்து வெளியே வந்தவர் உட்கார்ந்தபடியே பேசினார். டயர் கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் கேட்டது.

"வண்டில தப்பு இந்த ஓட்ட மட்டும்தாம்மா. மத்ததெல்லாம் நான் பண்ணது. அன்னிக்கு எனக்கு மூக்கு அடச்சிருந்துச்சு. சொல்லல."

"சொல்லியிருந்தா ரெண்டு நாள் கழிச்சு வந்திருப்பேனே" என்றார் வேன்காரம்மா. கோபம் பாதியில் நின்றுபோய்விட்டது.

தகரத் துண்டை வளைத்து ஓட்டை மேல் இறுக்கி, திருகாணியைப் பழைய இடத்துக்கே கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது. மறுபடி கம்பியை விட்டார். எண்கள் ஒவ்வொன்றாக இறங்கி எல்லைக்குள் நின்றன. வேன்காரம்மா பெருமூச்சு விட்டுச் சான்றுக்காகக் கையை நீட்டினார்.

மூக்கர் அச்சடிக்கிற பட்டனைத் தொடவில்லை. புதிதாக ஒரு துண்டைக் கிழித்தார். தலையணை உறையின் ஓரத் தையல் அதில் இன்னும் இருந்தது. குழாயைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். வெளிர் பழுப்பு. பழக்க தோஷத்தில் மூக்குவரை கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார். சளி போய்விட்டது, வாசனை இன்னும் திரும்பவில்லை.

டயர் கடைக்காரர் கழுத்தை நீட்டினார். மூக்கர் அவரைத் தாண்டிக் கையை நீட்டி, துணியை வேன்காரம்மாவின் மூக்கருகே பிடித்தார்.

"நீ மோந்து பாரும்மா."