கறுத்த ஆப்ரிகாட்

இஸ்ஃபாராவில் எல்லோரும் ஆப்ரிகாட் பழங்களுக்குக் கந்தகப் புகை போட்டு மஞ்சளாக்குவார்கள். மவ்சுனா வெயிலில் மட்டுமே உலர்த்துவாள். அதனால் அவளுடைய பழங்கள் கறுத்துவிடும். ஊரின் ஒரே மொத்த வியாபாரியும் உலர்பழ ஆலை முதலாளியுமான துர்சன்பாய், வரிசையில் நின்ற பெண்கள் முன்னால் அவள் மூட்டையைக் காலால் உதைத்துக் கவிழ்த்தான்.

"இதக் கழுதைக்குப் போடு. அதுவும் திங்குமான்னு கேட்டுக்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மவ்சுனா ஒவ்வொரு பழமாகப் பொறுக்கினாள்.

அடுத்த வருடம் இளம் தொழில்முனைவோர் பரிமாற்றத் திட்டத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. லாத்வியாவில் ஒரு பழக்கடையில் இரண்டு மாதம் வேலை பார்த்தாள். அங்கே கந்தகம் போடாத பழத்துக்குத்தான் கிராக்கி. கடைக்காரி இல்ஸே பொட்டலம் கட்டுவதையும் பரிசோதனைச் சான்று வாங்குவதையும் கற்றுக்கொடுத்து, முதல் ஆர்டரையும் முன்பணத்தோடு தந்தாள்.

திரும்பி வந்த மவ்சுனா வீடு வீடாக ஏறி இறங்கினாள். அன்று சிரித்த பெண்களிடமே புகை போடாத பழத்துக்கு, துர்சன்பாய் கொடுப்பதைப்போல் இரட்டை விலை தருவதாகப் பேசினாள். ஆகஸ்டில் துர்சன்பாயின் லாரிகள் காலியாகத் திரும்பின.

கடைசியில் அவனே அவள் வீட்டுக்கு வந்தான்.

"தங்கச்சி, பாதியாவது எனக்கு விடும்மா. ஆலைய மூட வேண்டியதாயிரும்."

"மூடுங்கண்ணே. அதப் பாக்கணும்னுதான் இவ்வளவு தூரம் போய்ப் படிச்சிட்டு வந்தேன்."

சிரித்துக்கொண்டே அவனுக்குத் தேநீர் ஊற்றினாள், கோப்பையின் விளிம்பு வரை. அந்த ஊரில் அப்படி நிரப்பி ஊற்றினால், விருந்தாளியை எழுந்து போகச் சொல்வதாக அர்த்தம். துர்சன்பாய் முகம் சிவந்து, குடிக்காமலே எழுந்து போனான்.

அக்டோபரில் ஆலைக்குப் பூட்டு விழுந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே மவ்சுனா சந்தைக்குச் சுற்றுவழியில் போனாள்.