பதிமூன்றாவது மாப்பிள்ளை

வீரபாண்டியில் குமாரவேலுக்கு பனியன் துணி பின்னுகிற நாலு நிட்டிங் மெஷின்கள். நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். அதுவரைக்கும் முதலாளி கனவு காணலாம். குமாரவேல் அதில் குறை வைத்ததில்லை.

போனில் ஒரு டி.வி. போட்டி நிகழ்ச்சி ஓடும். கடற்கரை பங்களா, ஒரு பெண், அவள் மனதைப் பிடிக்கப் பன்னிரண்டு ஆண்கள். வாரம் ஒருத்தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். பஞ்சு மிதக்கிற அறையில், மெஷினிலிருந்து துணி மெல்ல இறங்க இறங்க, குமாரவேல் பதிமூன்றாவது ஆளாக உள்ளே போய்விடுவான். காலடியில் அலை வந்து போகும். அந்தப் பெண் இவன் பக்கம் மட்டும் திரும்பிச் சிரிப்பாள். அதற்குமேல் கனவு காணவும் தைரியம் இல்லை, பாவம்.

வயது முப்பத்தொன்பது. ஜாதகம் போன இடமெல்லாம் "பொண்ணு ஐ.டி. மாப்பிள்ளை கேக்குதுங்க" என்றே திரும்பி வந்தது. "ஆசை இருக்குது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குது கழுதை மேய்க்க" என்று அவன் போனைப் பார்த்துத் திட்டுவாள் அம்மா ரங்காத்தாள். ஆனால் ஊத்துக்குளியில் சாதிச் சங்கம் வரன் பார்க்கச் சுயம்வரம் நடத்துகிறது என்றதும் மகன் பெயரை ஓடிப்போய்க் கொடுத்தவளும் அவளேதான்.

மண்டபத்தில் முந்நூறு ஆண்கள், பதினாலு பெண்கள். ஆண்கள் ஒவ்வொருவராக மேடையேறி மைக்கில் பேச வேண்டும். ஒரு மாதமாக மெஷின்களிடம் ஒத்திகை பார்த்திருந்தான் குமாரவேல். மேடை விளக்கு கண்ணில் பட்டதும் ஒரு நொடி கடல் தெரிந்தது. "வணக்கமுங்க. நாலு மெஷின் இருக்குதுங்க" என்றான். அவ்வளவுதான், வாய் ஒட்டிக்கொண்டது.

பெண்கள் எழுதிக் கொடுத்த விருப்பச் சீட்டுகளை மத்தியானம் வாசித்தார்கள். ஒன்றிலும் இவன் பெயர் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் பக்கத்து அறைக்குள் போய் உட்கார்ந்து போனைத் திறந்தான்.

அடுத்த நாற்காலியில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "இன்னைக்கு ஆருங்க வெளிய போறாங்க?"

"அந்த மீசைக்காரருங்க."

"அட, அவருதானுங்க அதுல நல்ல மனுசன். பேச வரலை, அதொரு குத்தமா?"

குமாரவேல் அவளை நிமிர்ந்து பார்த்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையாம். வீட்டுக்காரர் தவறி ஆறு வருசம் ஆகிறதாம். மறைக்காமல் சொன்னாள். பிறகு இருவரும் அந்தப் பன்னிரண்டு பேரையும் ஒருத்தர் விடாமல் அலசினார்கள். வெளியே பந்தி முடிந்து இலை எடுத்தது இரண்டு பேருக்குமே தெரியாது. வயிறு காய்ந்தும் குமாரவேலுக்கு எங்கோ காற்றில் போவது போலிருந்தது.

ரங்காத்தாள் வந்து கையைப் பிடித்தாள். "இது மறுமணத்துக்குப் பதியற ரூமு கண்ணு. நமக்கு இங்க என்ன வேலை? எந்திரி."

அந்தப் பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். குமாரவேலுக்குச் சுரீர் என்றது. யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருந்தே பாதி ஆயுசு போய்விட்டது. எழுந்தான், நோட்டோடு உட்கார்ந்திருந்த சங்கத்து ஆறுச்சாமியிடம் போய் நின்றான்.

"எம்பேரையும் இதுல எழுதிக்கோங்க."

"தம்பி, உங்களுக்கு மொதக் கல்யாணமே ஆகலீங்களே?"

"பரவால்லீங்க. எழுதுங்க."

ஆறுச்சாமி ரங்காத்தாளைப் பார்த்தார். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, அங்க உக்காந்திருக்கற பொண்ணு பேருங்க?"

குமாரவேல் திருதிருவென்று விழித்தான். இவ்வளவு நேரம் பேசியவன் அதைக் கேட்கவே இல்லை.

பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"அன்புச்செல்விங்க. எழுதிக்கோங்க."